பூவல் தோண்டத் தெரியுமா?

கச்சான் காற்று எழும்பினால் திருகோணமலைக்கு வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். நிலாவெளியோடும் உப்புவெளியோடும் நில்லாமல், காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்கிப் பார்க்கும் ஆசை இப்போது இளைஞரிடம் பரவியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் என்ன கத்தி வாங்கலாம் என்று விசாரிக்கிறவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்பதில்லை. நாலு போத்தல் கட்டிக்கொண்டு போனால் போதாதா என்கிறார்கள். வறண்ட மாதத்தில் நாலு போத்தல் மத்தியானத்துக்கே காணாது.

கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸுக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருந்தது. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த அவர், ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு சில்லறைச் சாமான் விற்கும் சாக்கில் வடக்கே போய்ப்போய் வழி படித்தார். மழை பொய்த்த மூன்று நான்கு வருடங்கள் தப்பியோடும் எண்ணத்தையே தள்ளிப்போட்டார்கள். கடைசியில் மல்வத்து ஓயாவின் போக்கைப் பிடித்து நடந்து, 1679 ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். மூட்டையில் பத்து நாளைக்கு அரிசி, இறைச்சி, உப்பு. தண்ணீர் மொள்ள இரண்டு சுரைக்குடுக்கை. கூடாரத்துக்கு இரண்டு தாளிப்பனை ஓலை. ஒன்று பழுதானாலும் மற்றது உதவட்டும் என்று தீமூட்டும் பெட்டி இரண்டு மூன்று. முள்ளுக்குச் செருப்புத் தைக்க மான்தோல். கால்தான் கடைசிவரை கொண்டுபோகும் என்று கணக்குப் போட்டவர்களின் மூட்டை அது.

கரையோரத்தில் ஆறு இல்லாத இடத்துக்குப் பூவல் என்னும் மணல் ஊற்றுக்குழி இருக்கிறது. மணல்மேட்டின் உட்பக்கத்துப் பள்ளத்தில், கடலலை ஏறாத இடமாகப் பார்த்துச் சிரட்டையால் தோண்ட வேண்டும். மணல் கறுத்து, நீர் கசியத் தொடங்கியதும் கையை நிறுத்திவிட வேண்டும். மழைநீர் கடல்நீரைவிட இலேசானது. மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. இன்னும் ஒரு முழம் என்று ஆசைப்பட்டால் உவர் மேலே ஏறிவிடும். முதலில் ஊறும் கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டு, மறுபடி ஊறுவதைத் துணியில் வடித்துக் கொதிக்கவைக்க வேண்டும். நன்றாகக் கொதித்த பிறகும் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். எலிக்காய்ச்சல் உள்ள நாட்டில் இதில் அவசரம் கூடாது.

விறகு பொறுக்கும்போது களப்போரத்துத் தில்லை மரத்தைத் தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், புகையும் ஆகாது. பாம்பு கடித்தால் கட்டவோ கீறவோ வேண்டாம், ஆளை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யானை நடமாடும் பாதையில் கூடாரம் வேண்டாம்.

இவற்றைப் புத்தகத்திலும் படிக்கலாம். பூவலுக்கு இடம் பார்க்கும் கண்ணைப் புத்தகம் தராது. மூதூர், வெருகல் பக்கத்து முதியவர்களிடமும் கரையோர வேடர் குடும்பங்களிலும் அந்தக் கண் இன்னும் இருக்கிறது. அவர்கள் காட்டும் மணல் இருக்குமா என்பதே என் பயம். மகாவலி வந்து சேரும் பக்கங்களில் மணல் அள்ளுவது ஓயவில்லை. வீடு கட்ட மணல் வேண்டும், அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரையோர மேட்டையும் கரைத்துவிட்டால் மழைநீர் தங்க இடமில்லை. அதன்பிறகு எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் சிரட்டையில் வருவது உப்புத்தண்ணீர்தான். முகாம் நடத்தும் பாடசாலைகள், கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லித்தருவதற்கு முன் பிள்ளைகளை ஒரு முதியவரோடு அந்த மேட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கச்சானிலேயே அனுப்ப வேண்டும்.