அலையால் வந்த தலைசுற்றலா, இன்ஜின் புகையா? விசைப்படகு சைலன்சரில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்கு மராமத்து, பெயின்ட், வலை சரிபார்ப்பு என வேலை ஜரூராக நடக்கும். இன்ஜினுக்கு ஆயிலும் ஃபில்டரும் மாறும். சைலன்சர் குழாய் மட்டும், 'அது பாட்டுக்கு இருக்கு, புகைதானே போகுது' என்று பல நேரம் விடுபட்டுப்போகும். தீ, விஷவாயு, இன்ஜின் நாசம் மூன்றுக்குமே வழிவிடக்கூடிய பகுதி அது.

முழு லோடில் ஓடும் டீசல் இன்ஜினிலிருந்து வரும் புகையின் வெப்பம் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். பக்கத்தில் ஒரு டீசல் பைப் கசிந்து அந்தச் சூட்டில் தெறித்தால், தீப்பொறியே தேவையில்லை. பெரிய கப்பல்களுக்கான 'சோலாஸ்' சர்வதேச விதிகள், எரிபொருள் படக்கூடிய இடத்தில் 220 டிகிரியைத் தாண்டும் எந்தப் பரப்பையும் வெப்பக்காப்பு போட்டு மூடச் சொல்வது இதனால்தான். சிறிய படகுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும், நெருப்பு படகின் அளவைப் பார்ப்பதில்லை.

உலர் சைலன்சர்

குழாய் நேராக மேலே போய் புகையை வெளியேற்றும் முறை இது. சூடேறினால் இரும்பு நீளும். 3 மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறும்போது சுமார் 14 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைத் தாங்கத்தான் இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே 'பெல்லோஸ்' என்ற மடிப்புக் குழாய். அதன்மேல் சைலன்சரின் எடையை ஏற்றினால் சீக்கிரமே விரிசல் விடும். எடையைத் தனி பிராக்கெட் தாங்க வேண்டும். மரத் தளத்தையோ ஃபைபரையோ குழாய் துளைத்துப் போகும் இடத்தில் இடைவெளி விட்டு இரும்பு உறை போடுவது கட்டாயம். பழைய படகுகளில் சுற்றியிருப்பது கல்நாராக இருக்கலாம். காய்ந்த நிலையில் பிய்க்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஈர சைலன்சர்

இதில் கடல்நீரைப் புகையோடு கலந்து குளிர்விக்கிறார்கள். அதனால் ரப்பர் ஹோஸ் போதும். ஆனால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் உடைந்தால் அந்த ஹோஸ் சில நிமிடங்களில் கருக ஆரம்பிக்கும். டெம்பரேச்சர் மீட்டர் ஏறுவதற்கு முன்பே இது நடந்துவிடலாம். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் எட்டிப் பார்த்து, புகையோடு தண்ணீர் வருகிறதா என்று உறுதிசெய்வதுதான் மிக மலிவான பாதுகாப்பு. ஹோஸின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப் போடுங்கள்.

இன்னொரு வம்பு, தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே திரும்புவது. தண்ணீர் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழேயோ, அதற்கு மேல் 15 சென்டிமீட்டருக்குள்ளேயோ இருந்தால், காற்று நுழையும் வால்வுடன் கூடிய வளைவுக் குழாய் தேவை. இல்லையென்றால் நின்ற இன்ஜினுக்குள் கடல்நீர் தானாக இழுத்துக்கொண்டு இறங்கும். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டாலும் இதே கதைதான். பம்ப் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியேற்றப் புகை இருக்காது. சிலிண்டரில் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துபோகும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலைவிட டீசலில் இது குறைவுதான். ஆனாலும் மூடிய கேபினில் படுத்துத் தூங்குபவருக்கு அந்தக் 'குறைவு' போதும். சிக்கல் என்னவென்றால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் எல்லாம் அலையால் வருவதைப் போலவே இருக்கும். கேபினில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்து, மேல்தளக் காற்றுக்கு வந்ததும் குறைந்தால், முதலில் புகையைச் சந்தேகியுங்கள். உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து இன்ஜினை நிறுத்த வேண்டும்.

குழாயில் கசிவே இல்லாவிட்டாலும் புகை உள்ளே வரலாம். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போதும், ஓடும் படகில் பின்கதவை மட்டும் திறந்துவைக்கும்போதும் புகை கேபினுக்குள் இழுக்கப்படும். முன்பக்கத்தையும் திறந்துவிடுங்கள். தூங்கும் இடத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது நல்லது.

கசிவைப் பிடிக்கக் கருவி தேடி அலைய வேண்டாம். இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்து ஜாயின்ட்களைப் பாருங்கள். கரிப் படலமோ உப்புப் பூத்த தடமோ இருந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். துணியோ டேப்போ சுற்றி சமாளிக்காமல், கேஸ்கெட்டை மாற்றிய பிறகு படகை எடுங்கள்.