குடலில் ஆணி அடித்து உட்காரும் கிருமி! 4 குழந்தைகள் பலியான பயங்கரம்!

பூட்டை உடைத்துத் திருடுபவன் உண்டு. கன்னம் வைத்துத் திருடுபவன் உண்டு. தான் புகுந்த வீட்டுச் சுவரில் தானே ஆணி அடித்து, அதில் சட்டையை மாட்டிவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்துகொள்ளும் திருடனைக் கேள்விப்பட்டது உண்டா?

அப்படி ஒரு ஆசாமி இருக்கிறான். கண்ணுக்குத் தெரிய மாட்டான். அவன் புகுவது வீட்டுக்குள் அல்ல, வயிற்றுக்குள்!

அவன் பெயர் ஈ.கோலி ஓ157. பேதிக் கிருமிகளில் பெரிய போக்கிரி.

ஆஸ்பத்திரியில் கூட்டம்

1993 ஜனவரி. அமெரிக்காவில் சியாட்டில் நகரம். அங்குள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஒன்றன் பின் ஒன்றாகக் குழந்தைகள் வந்து சேர்ந்தன. எல்லாக் குழந்தைக்கும் ரத்தபேதி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தன. சில குழந்தைகளுக்குச் சிறுநீரே நின்றுபோனது.

டாக்டர் பில் டாருக்குச் சந்தேகம் தட்டியது. "ஒரே சமயத்தில் இத்தனை பேருக்கா?" என்று யோசித்தவர், உடனே மாநில சுகாதார இலாகாவுக்குத் தகவல் கொடுத்தார்.

விசாரணை முடுக்கிவிடப்பட்டது. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பெரும்பாலோர் கைகாட்டியது ஒரே இடத்தை. 'ஜாக் இன் தி பாக்ஸ்' என்ற ஓட்டல்! பல ஊர்களில் கிளை வைத்திருந்த கம்பெனி அது.

ரொட்டிக்கு நடுவே மாட்டுக் கொத்துக்கறியை வடை போலத் தட்டி வைத்துக் கொடுப்பார்கள். ஹாம்பர்கர் என்று பெயர். அந்தக் கறி சரியாக வேகவில்லை. அதுதான் வினை!

4 மாநிலங்களில் 700 பேருக்கு மேல் படுத்தார்கள். 4 குழந்தைகள் இறந்தன. அதில் ஒரு குழந்தை அந்தக் கறியைத் தொடவே இல்லை. நோய் கண்ட இன்னொரு குழந்தையிடமிருந்து தொற்றிக்கொண்டது!

8 டிகிரி வித்தியாசம்

கொத்துக்கறியின் உட்புறம் 68 டிகிரி சென்டிகிரேடு சூடேற வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் சட்டம். ஓட்டலில் கடைப்பிடித்ததோ மத்திய அரசு அப்போது சொன்ன 60 டிகிரி கணக்கு. இடையில் 8 டிகிரிதான். கிருமி தப்பித்துக்கொண்டது.

முழுக் கறித் துண்டு என்றால் கிருமி மேலே மட்டும் ஒட்டியிருக்கும். தீ பட்டதும் செத்துவிடும். கொத்தி அரைத்தால்? மேலே இருந்தது நடுவே போய் ஒளிந்துகொள்ளும். வெளியே கருகினாலும் உள்ளே உயிரோடு இருக்கும்!

மாட்டின் குடல்தான் இதற்குச் சொந்த வீடு. மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. மனிதன் வயிற்றுக்கு வந்தால்தான் கைவரிசையைக் காட்டும். அதுவும் 100 கிருமிக்கும் குறைவாகப் போனாலே போதும்!

துப்பு துலங்கியது

வழுக்கும் குடலில் இது எப்படி ஒட்டிக்கொள்கிறது? 1997இல் கனடாவின் வான்கூவர் நகரில் பேராசிரியர் பிரெட் பின்லே குழுவினர் துப்பு துலக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தது இந்தக் கிருமியின் பங்காளியை. இரண்டுக்கும் ஒரே தொழில்தான்.

கிருமியிடம் ஊசி போன்ற குழாய் இருக்கிறது. அதைக் குடல் சுவரின் செல்லில் குத்தி, 'டிர்' என்ற தன் சொந்தச் சரக்கை உள்ளே ஏற்றுகிறது. அந்தச் சரக்கு செல்லின் தோலில் ஆணி போல முளைத்து நிற்கிறது. கிருமியின் மேல் உள்ள 'இன்டிமின்' என்ற கொக்கி அந்த ஆணியில் மாட்டிக்கொள்கிறது.

அவ்வளவுதான்! பேதி எவ்வளவு அடித்துக்கொண்டு போனாலும் இது அசையாது.

குடல் சுவரில் சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சும் மயிரிழைகள் உண்டு. அந்த இடத்தில் அவற்றை அழித்து மொட்டையாக்கிவிடும். குடல் செல்லே தன் உள்சாமான்களைத் திரட்டி, கிருமிக்குக் கீழே திண்ணை கட்டிக் கொடுக்கும். திருடனுக்கு வீட்டுக்காரனே நாற்காலி போட்ட கதை!

திண்ணையில் உட்கார்ந்தபடி விஷத்தைக் கக்கும். கிருமி குடலிலேயே இருக்கும். விஷம் மட்டும் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். இதில் அதிகம் மாட்டுவது 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்தான்.

தானே மருந்து வாங்காதீர்!

ரத்தபேதி என்றதும் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, இந்தக் கிருமியிடம் அது ஆபத்து. பேதியைக் கட்டும் மருந்து விஷத்தை உள்ளேயே தேக்கும். கிருமிக்கொல்லி மருந்தோ, சாகிற கிருமியை இன்னும் விஷம் கக்க வைக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். ரத்தம் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

4 குழந்தைகள் போன பிறகுதான் அமெரிக்க அரசு விழித்தது. இந்தக் கிருமி உள்ள கொத்துக்கறியை விற்கவே கூடாது என்று 1994இல் உத்தரவு போட்டது. 71 டிகிரி வரை வேக வைக்கச் சொல்கிறது.

கொத்துக்கறி நடுவிலும் நன்றாக வேகட்டும். பச்சைக்கறி நறுக்கிய கத்தியால் வெங்காயம் நறுக்காதீர்கள். கக்கூஸ் போய் வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ஆணி அடிக்க வருகிறவனை வாசலிலேயே மடக்க அதுதான் வழி!