கடல் பக்கம்தான், ஆனாலும் உறைபனி!

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தை ஏறக்குறைய முழுவதும் கடல் சூழ்ந்துள்ளது. அங்கு அனாபொலிஸ் பள்ளத்தாக்கில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் சிறு நகரம் கென்ட்வில். வடக்கே உள்ள மலைத்தொடர் ஃபண்டி வளைகுடாவின் குளிர்காற்றையும் மூடுபனியையும் தடுக்கிறது. அதனால் கோடையில் கரையோரத்தைவிட இங்கு வெப்பம் அதிகம். ஆப்பிள் நன்கு விளைகிறது. 1911-லேயே இங்கு ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது.

ஆனால், பள்ளத்தாக்குக்கே உரிய ஆபத்தும் உண்டு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் விரைவாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கி, தாழ்வான இடத்தில் தேங்கும். 2018 ஜூன் 4 அதிகாலை விழுந்த உறைபனியில் ஆப்பிள், திராட்சைத் தோட்டங்கள் பெரும் சேதமடைந்தன. ஆப்பிள் முழுமையாகப் பூத்திருக்கும்போது மைனஸ் 2 டிகிரி குளிர் அரை மணி நேரம் நீடித்தால் சுமார் 10 சதவீதப் பூக்கள் கருகும். மைனஸ் 4 டிகிரியில் சுமார் 90 சதவீதம் போய்விடும். ஒரே தோட்டத்தின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலேயே இந்த 2 டிகிரி வித்தியாசம் வரலாம்.

நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளமான இடங்களில் தேயிலை கருகுவதற்கும் இதுவே காரணம். அங்குள்ள விவசாயிகள் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என வெப்பமானி வைத்து, பனிக்காலம் முழுவதும் அதிகாலை வெப்பநிலையைக் குறித்து வரலாம். உறைபனி தாங்காத பயிரைப் பள்ளத்தில் தவிர்க்கவும். சரிவின் அடியில் அடர்ந்த வேலி இருந்தால், குளிர்காற்று வெளியேற இடைவெளி விடவும்.