பழைய தொட்டியிற் புதிய கடல்

கடலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஆழி, பரவை, பௌவம், ஆர்கலி, முந்நீர் என அவை விரியும். இவற்றுள் முந்நீர் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று, ஆக்கல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று தன்மைகளையும் உடைய நீர் என்பதாகும். பெருங்கடலுக்குச் சொன்ன இவ்விளக்கம், வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்து வைக்கும் கடல்நீருக்கும் பொருந்தும். இதனை யான் நூலால் அறியுமுன் இழப்பால் அறிந்தேன். அவ்வறிவுக்கு நான்கு மீன்களின் உயிர் விலையாயிற்று.

சிங்கப்பூரில் ரிவர்வேலி சாலையை ஒட்டி, போர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் வான் கிளீஃப் மீன்காட்சியகம் இருந்ததைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். 1955-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று 1991-ஆம் ஆண்டில் மூடப்பெற்றது அது. சிறுவனாக அங்கே கண்ட கடல்மீன்களின் வண்ணம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. காட்சியகம் மூடப்பட்ட சில ஆண்டுகட்குப்பின், வீட்டிலேயே ஒரு கடல்நீர்த் தொட்டி அமைத்தேன். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. மூன்றாம் நாளே நான்கு மீன்களை வாங்கி விட்டேன். ஏழாம் நாள் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. நோயென்று எண்ணிச் செம்பு கலந்த மருந்தை ஊற்றினேன். ஒன்பதாம் நாள் ஒன்றும் எஞ்சவில்லை. மீன் விற்றவரைப் பழித்துக்கொண்டு தொட்டியைக் காயவைத்துச் சாமான் அறையில் ஒதுக்கினேன்.

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் அத்தொட்டி மீண்டும் என் கண்ணிற் பட்டது. இம்முறை மீன் வாங்குமுன் நூல்களை வாங்கினேன். குற்றம் விற்றவர்மேல் இல்லை, என்மேல்தான் என்பது அப்பொழுது விளங்கிற்று. பழைய தொட்டியொன்றை வைத்துக்கொண்டு இக்கலைக்குத் திரும்ப எண்ணுவோர்க்கும், அறிவியல் பாடத்தைக் கண்முன் காட்ட விரும்பும் ஆசிரியர்கட்கும் பயன்படுமாறு, அன்று யான் அறியாதிருந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றேன்.

தெளிந்த நீரில் மறைந்த நஞ்சு

மீன் உண்ட உணவின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாக அதன் செவுள் வழியே வெளியேறுகின்றது. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகின்றது. கடலில் இஃது எல்லையற்ற நீரிற் கரைந்து போகும். தொட்டியிலோ போக்கிடம் இல்லை. நாளுக்கு நாள் பெருகி மீனின் செவுளையே அரிக்கின்றது. மீன் மூச்சுக்குத் தவிப்பது அதனால்தான்.

நீரில் அம்மோனியா இரு வடிவில் உள்ளது. மின்னேற்றம் பெற்ற வடிவம் அத்துணைத் தீங்கு செய்வதில்லை. மின்னேற்றமற்ற வடிவமே செவுளை ஊடுருவிக் கொல்லும் நஞ்சு. நீரின் காரத்தன்மை மிகமிக, இந்நச்சு வடிவத்தின் பங்கும் மிகும். நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் நடுநிலையான 7 என்னும் அளவை ஒட்டி நிற்க, கடல்நீரின் அளவு 8.1 அல்லது 8.2 ஆகும். ஆகவே, நன்னீர் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு அழுக்கே கடல்மீனைக் கொன்றுவிடக்கூடும். இந்நஞ்சுக்கு நிறமில்லை என்பதையும் கருதுக. நீர் தெளிவாக உள்ளது என்பது நீர் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

இருபது நாள் காத்திருந்த அறிஞர்கள்

அங்ஙனமாயின், மீன்கள் பல்லாண்டு வாழும் தொட்டிகளில் அம்மோனியா எங்கே போகின்றது? இவ்வினாவிற்கு விடை மீன் வளர்ப்போரிடமிருந்து வரவில்லை, சாக்கடை நீரை ஆராய்ந்தோரிடமிருந்து வந்தது. 1877-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிறைத்த நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். ஏறத்தாழ 20 நாள்வரை, மேலே ஊற்றிய அம்மோனியா மாற்றமின்றிக் கீழே வந்தது. அதன்பின் அம்மோனியா குறைந்து, நைட்ரேட் என்னும் உப்பு தோன்றலாயிற்று. குழாயினுள் குளோரோபாம் ஆவியைச் செலுத்தினர், உடனே அம்மாற்றம் நின்றுவிட்டது. பின்னர்த் தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரைச் சிறிது ஊற்ற, மீண்டும் தொடங்கிற்று.

இஃது எதனைக் காட்டுகின்றது? மணலோ சுண்ணாம்போ வெறும் வேதியியல் வினையால் இம்மாற்றத்தைச் செய்ததாயின், முதல் நாளே செய்திருக்கும், குளோரோபாமுக்கு மயங்கியிருக்காது. மயங்குவது உயிர். ஆகவே இது நுண்ணுயிர்களின் தொழில் என்று அவர்கள் துணிந்தனர். 1890-ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவன ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவன மற்றொரு கூட்டம் என்பதும் தெளிவாயிற்று. நைட்ரைட்டும் கேடு செய்வதே, நைட்ரேட்டோ ஓரளவு பொறுக்கத்தக்கது.

இவ்வரலாற்றில் ஒரு மீன்தொட்டிக்கும் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன்காட்சியகத்தில் வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டி ஒன்றின் சரளைக்கற்களிலிருந்து, அம்மோனியாவை உண்டு வாழும் புதுவகை நுண்ணுயிர் ஒன்றை ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்து 2005-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது பாக்டீரியா இனத்தது அன்று. ஆர்க்கியா என்னும் தொன்மையான வேறோர் இனத்தைச் சேர்ந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமும் இல்லாத இதன் உறவினங்கள் உலகக் கடல்களில் மிகப் பெருந்தொகையாய் வாழ்வன. அத்தகைய உயிரினத்தின் வாழ்க்கை முறையை உலகுக்குக் காட்டிற்று ஒரு தொட்டியின் அடிக்கல்!

தயிர்ப்பானையும் மீன்தொட்டியும்

நம் இல்லங்களில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். பல்லாண்டு தயிர் உறைந்த பானையேயாயினும், கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட்டால், மீண்டும் பால் வார்த்த மாத்திரத்தில் அது தயிராகிவிடுமா? உறை ஊற்ற வேண்டும், பொறுத்திருக்கவும் வேண்டும். மீன்தொட்டியும் அத்தகையதே. தொட்டி பழையது என்பது கண்ணாடியைப் பற்றிய பேச்சு. நெடுநாள் உலர்ந்துபோனபின் அதிலிருந்த நுண்ணுயிர்க்கூட்டம் பயன்படாது. பழைய தொட்டிக்குத் திரும்புபவர் புதியதொரு தொட்டியைத்தான் தொடங்குகின்றார். அனுபவமுடையார் பலர் தவறுவது இவ்விடத்தில்தான்: தாம் முன்பே கற்றவர் என்பதனால், நீரும் பழகியது என்று எண்ணிவிடுகின்றனர்.

இங்கு உறையாவது யாது? நலமாக நடைபெறும் மற்றொரு கடல்நீர்த் தொட்டியின் ஒருபிடிச் சரளை, அல்லது கடலுயிர்கள் பற்றியிருக்கும் உயிர்ப்பாறைத் துண்டு. உயிர்ப்பாறையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியவருள் ஒருவர் நம் அண்டை நாட்டினர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், வடிகட்டும் கருவி ஏதுமின்றி, பவளப்பாறைக் கற்களும் இயற்கைக் கடல்நீரும் மெல்லிய காற்றுக்குமிழிகளுமே கொண்டு கடலுயிர்களை வளர்த்துக் காட்டினார். தம் முறையை 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் அவர் எழுதினார். இன்று உலகெங்கும் பவளத்தொட்டி வைப்போர் பின்பற்றும் முறைகளுக்கு அஃது ஒரு முன்னோடி.

தொட்டியை ஆராய்தல்

நீர் நிரப்புமுன் தொட்டியைச் சோதித்தல் வேண்டும். கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கோன் பசை காலப்போக்கில் விறைத்து, ஓரங்களில் உரிந்துவரும். அங்ஙனம் உரிந்திருப்பின் பழைய பசையை முற்றும் நீக்கி, மீன்தொட்டிக்கென உள்ள பசையைப் புதிதாக இடுதல் நன்று. பின்னர் வீட்டிற்கு வெளியே, சமமான தளத்தில் வைத்து, நன்னீர் நிரப்பிச் சில நாள் விட்டுப் பார்க்கலாம்.

எடையையும் கணக்கிடுக. 120 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் 50 உயரமும் உள்ள தொட்டி 270 லிட்டர் கொள்ளும். கடல்நீர் நன்னீரினும் சற்றுக் கனமாதலால், நீர் மட்டுமே ஏறத்தாழ 277 கிலோ நிறுக்கும். கண்ணாடியும் கல்லும் சேர, மொத்த எடை 300 கிலோவை எளிதில் தாண்டும். பழைய மேசை இதனைத் தாங்காது.

அடுத்தது செம்பு. மீனின் தோல்நோய்க்கு முன்பு பலரும் செம்பு மருந்து இட்டனர். அச்செம்பு சுண்ணாம்புச் சரளையிலும் கல்லிலும் ஊறித் தங்கிப் பின்னர்ச் சிறுகச் சிறுக வெளிப்படும். மீன் தாங்கும் அளவு செம்பு, இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். யான் மருந்திட்டது நினைவில் இருந்தமையால், பழைய சரளை முழுவதையும் எறிந்தேன். கண்ணாடியில் படிந்த சுண்ணாம்புக் கறையைச் சவர்க்காரம் தொடாமல் புளிக்காடியால் துடைத்துப் பலமுறை கழுவினேன்.

உப்பும் நீரும்

கடற்கரையிலிருந்தே நீர் கொணர்ந்தால் என்ன எனச் சிலர் கேட்பர். மழைநீரும் கப்பல் எண்ணெயும் கலக்கும் நம் கரையோர நீர் நம்பத்தக்கதன்று. சமையல் உப்பைக் கரைத்தாலும் கடலாகாது. சாலஞ்சர் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கொணர்ந்த கடல்நீரில் 77 மாதிரிகளை வேதியியலறிஞர் டிட்மார் ஆராய்ந்து, 1884-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கிடம் வேறுபடினும், அதிலுள்ள முதன்மையான பொருள்கள் தம்முள் கொண்ட விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என அவர் கண்டார். நூற்றில் 85 பங்குக்கு மேல் சோடியமும் குளோரைடும், எஞ்சியதில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியனவும் அடங்கும். கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவை இவ்விகிதத்தைப் பின்பற்றிச் செய்யப்படுவதே. ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு என்பது பொது அளவு.

உப்பைக் கரைக்கும் குழாய்நீரிலும் கருத்து வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளை ஒடுக்கக் குளோரமின் சேர்க்கப்படுகின்றது. ஓர் இரவு திறந்து வைப்பதால் இது நீங்கிவிடாது. நீக்கும் மருந்தை இட்டே தீரவேண்டும்.

நம் நாடுகளில் தொட்டிக்குப் பகை குளிர் அன்று, வெப்பம். 30 பாகையைத் தாண்டிய நீரில் உயிர்வளி குறையும், பவளங்கள் வெளிறும். நீரின்மேல் சிறு மின்விசிறி வீசச் செய்தால், ஆவியாதலால் நீர் இரண்டு மூன்று பாகை தணியும். ஆனால் ஆவியாய்ப் போவது நீரே, உப்பன்று. எனவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே வந்தால், தொட்டி நாளடைவில் உப்பளமாகிவிடும்.

காத்திருக்கும் காலம்

இவையெல்லாம் முடிந்தபின், உறைக்கல்லை இட்டு, மீனுக்குப் பதிலாக ஒரு சிறு இறால் துண்டைத் தொட்டியிற் போட்டேன். அஃது அழுகி அம்மோனியா தந்தது. சோதனைக் குப்பியிற் கண்ட அளவுகளை நாள்தோறும் ஓர் ஏட்டிற் குறித்து வந்தேன். அம்மோனியா ஏறி இறங்கிற்று. அது இறங்குகையில் நைட்ரைட் ஏறிற்று. பின்னர் அதுவும் இறங்க, நைட்ரேட் தோன்றியது. 37-ஆம் நாள் முன்னவை இரண்டும் அறவே இல்லை. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை இதற்குச் செல்லும். மாணவர்க்கு இவ்வளவுகளைக் கட்டத்தாளில் வரையச் சொன்னால், ஒன்றன்பின் ஒன்றாக எழும் மூன்று கோடுகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் உழைப்பை அவர்கள் காண்பர்.

அதன்பின் நீரில் ஒரு பகுதியை மாற்றி, பண்ணையில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இரண்டை மட்டும் விட்டேன். ஒரேயடியாகப் பல மீன்களை விட்டால், நுண்ணுயிர்களின் தொகை அத்துணைக் கழிவுக்கு ஈடுகொடாது. இன்றும் கடல்மீன் வணிகத்தில் பெரும்பாலான இனங்கள் பவளப்பாறைகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன என்பதை நாம் மறத்தலாகாது. நல்ல வளர்ப்பில் 20 ஆண்டுக்கு மேலும் வாழவல்லது கோமாளி மீன். அதன் இனத்தான் ஒன்று என் கையில் ஆறே நாள் வாழ்ந்தது. விற்பவரிடம் உண்டு என்பதனாலும் வாங்கப் பணம் உண்டு என்பதனாலும் ஓர் உயிரை வாங்கிவிடலாம். அதற்குரிய நீரை ஆக்கும் பொறுமை நம்மிடம் உண்டா என்பதே முதல் வினா.

முந்நீர் என்னும் பெயரை இப்பொழுது மீண்டும் எண்ணுகின்றேன். அத்தொட்டி நீர் முன்னொரு காலத்தில் அழித்தது. பின்னர் 37 நாள் தன்னை ஆக்கிக்கொண்டது. இன்று காத்துக்கொண்டிருக்கின்றது. அதே தொட்டி, அதே உப்பு, அதே வீடு. வேறுபட்டது காத்திருந்த காலம் ஒன்றே.