கார்த்திகை ஈரத்தை மூடி வையுங்கள்
மரமும் மண்ணும் – 11

குளிர் நாடுகளில் இலை உதிர்வதும் மரத்தடிக்கு மூடாக்கு போடுவதும் ஒரே பருவத்து வேலை. மரமே சருகைக் கொட்டிவிடும். அள்ளிப் பரப்பினால் முடிந்தது. திண்டுக்கல் சமவெளியில் அப்படி நடப்பதில்லை. மழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில். வேம்பும் புங்கனும் இலை உதிர்ப்பதோ மாசி, பங்குனியில். ஈரம் இருக்கும்போது சருகு இல்லை. சருகு கொட்டும்போது ஈரம் இல்லை. இந்த இடைவெளியை அடைக்கத் தெரிந்தவர் தோட்டத்தில்தான் சித்திரை வெயிலிலும் மரம் வாடாமல் நிற்கும்.

எப்போது போடுவது? புரட்டாசியிலேயே கனமாகப் பரப்பிவிட்டு மழைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அது சரியான காலமல்ல. காய்ந்த செத்தை முதல் தூறல்களைத் தானே குடித்துவிடும். மண்ணுக்குப் போய்ச் சேராது. இரண்டு மூன்று நல்ல மழை இறங்கி, மண்வெட்டி போட்டால் அடிமண்ணும் ஈரமாக வர வேண்டும். அந்த ஈரம் மேலேறி ஓடும் முன், கார்த்திகைக் கடைசிக்குள் மூடிவிட வேண்டும்.

தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு மரத்தடியில் மட்டும் 1,000 லிட்டர் விழுகிறது. இதற்கு லாரித் தண்ணீர் விலையைப் போட்டுப் பாருங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, மறு ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அப்படி ஓர் ஆண்டில் மண்ணில் தங்கிய கொஞ்ச ஈரமும் மரத்துக்கு உயிர்த்தண்ணீர்.

தென்னந்தோப்பில் மூடாக்குக்கு வெளியே போய்த் தேட வேண்டியதே இல்லை. ஒரு வட்டத்துக்கு 100 உரிமட்டை, அல்லது 15 காய்ந்த ஓலை, அல்லது 10 சென்டிமீட்டர் கனத்துக்கு நார்க்கழிவு என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. உரிமட்டையை முதுகு மேலே, குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்து இருக்கும்படி கவிழ்த்து அடுக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசுதான் வளரும். மார்கழியில் ஒரு மட்டையைப் புரட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கும். மண்புழு தள்ளிய உருண்டை மண் கிடக்கும். தென்னையின் இளவேர் மட்டையின் நாருக்குள்ளேயே நுழைந்திருக்கும். பக்கத்தில் மூடாத மண்ணோ அதே நாளில் வெடிப்பு விடத் தொடங்கியிருக்கும்.

மானாவாரிக்காரர் பாடு வேறு. சோளத்தட்டையை மரத்தடியில் போடச் சொன்னால், மாடு எதைத் தின்னும் என்று கேட்பார். நியாயமான கேள்வி. மாட்டுக்குப் போக மிஞ்சியதுதான் மண்ணுக்கு. ஆனால் கால்நடை கடிக்காதவையும் நம் மேட்டுக்காட்டில் ஏராளம்: எருக்கு, ஆவாரை, கொழிஞ்சி. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் புதுக்கோட்டை மாவட்டத்தில் பொட்டல் நிலத்தை மீட்டெடுத்த பண்ணைக்குக் கொழிஞ்சியின் பெயர்தான். பிறகு நம் மாவட்டத்தின் வட எல்லையைத் தாண்டினால் வரும் கடவூரில், வறண்ட நிலத்தில் ‘வானகம்’ அமைத்தார்; 2013இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கமானார். ஐப்பசி மழையில் தழைத்த கொழிஞ்சியைப் பூக்கும் தறுவாயில் அறுத்து மரத்தடியில் போட்டால், மூடாக்கும் ஆச்சு, தழைச்சத்தும் ஆச்சு.

“கறையான் ஏறிடுமே” என்ற பயத்தையும் தட்டிக்கழிக்கக் கூடாது. செம்மண் காட்டில் கறையான் உண்மையான தொல்லை, அதுவும் இளங்கன்றுக்கு. செத்தையைத் தூரோடு சேர்த்துக் குவிப்பதுதான் அதற்கு வழிவிடுகிறது. பட்டை எப்போதும் நனைந்து கிடந்து அழுகவும் செய்யும். தூரைச் சுற்றி ஒரு ஜாண் வெறும் மண்ணாக விட்டுவிடுங்கள். தண்ணீர் உறிஞ்சும் வேர்கள் இருப்பது அங்கே அல்ல, நிழல் விழும் ஓரத்தில்.

நத்தம், சாணார்பட்டிப் பக்கத்து மாந்தோப்புக்கு மட்டும் ஒரு விலக்கு. மா பூவெடுக்க மண்ணில் கொஞ்சம் காய்ச்சல் வேண்டும். தண்ணீர் கட்டும் தோப்பில் மார்கழியிலும் ஈரத்தைப் பிடித்து வைத்தால், பூ வர வேண்டிய இடத்தில் தளிர் வந்து நிற்கும். அங்கே பிஞ்சு பிடித்த பிறகு மூடாக்கு போட்டால் போதும்.

இனி ஊருக்குள் வருவோம். மாசி, பங்குனிக் காலையில் தெருவோரம் கூட்டிக் குவித்த வேப்பஞ்சருகுக்குத் தீ வைக்கிறோம். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையைத் தெருவில் எரிக்கவே கூடாது. எரித்த கையோடு, அதே மரத்தின் தூர் வரை சிமென்ட் பூசிவிடுகிறோம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் மண் நம் தெரு மரங்களுக்கும் வேண்டும்.

சருகை எரிக்காமல் என்ன செய்வது? பழைய சாக்கில் திணித்து, தண்ணீர் தெளித்து, நாலைந்து ஓட்டை போட்டு நிழலில் வையுங்கள். ஆடி வரை மாதம் ஒருமுறை நனைத்தால் போதும். கார்த்திகைக்குள் பாதிக்கும் கீழே சுருங்கி, கறுத்து, உதிரியாகியிருக்கும். மாசியில் உதிர்ந்ததை அப்போது எடுத்து, மழை குடித்த மண்மேல் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள்.

(தொடரும்)