எலெக்ட்ரான்களுக்கு ஒரு சிறைச்சாலை!

அகலம் 22 மில்லிமீட்டர்; நீளம் 80 மில்லிமீட்டர். ஆள்காட்டி விரலளவே உள்ள ஒரு மெல்லிய தகடு. லாப்டாப்பின் அடிப்பாகத்தில் ஒரே ஒரு திருகாணியின் பிடியில் அடக்கமாகப் படுத்திருக்கிறது. வீட்டின் கல்யாணப் போட்டோக்கள், பையனின் பாடங்கள், கடையின் கணக்கு வழக்கு எல்லாம் அதற்குள்ளேதான்! "எஸ்.எஸ்.டி." என்பது அதன் பெயர். சிறு கம்ப்யூட்டர்களுக்கென்று 30 மில்லிமீட்டர் நீளத்திலும் கிடைக்கிறது.

இதன் பாட்டனாரைப் பார்த்தால் திகைத்துப் போவீர்கள். 1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க் யந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனையும் சேர்ந்து சுமந்தது 50 லட்சம் எழுத்துக்களைத்தான்!

பிற்பாடு ஹார்டு டிஸ்க் சிறுத்து லாப்டாப்புக்குள்ளும் புகுந்தது. ஆனால் சுழற்சி நிற்கவில்லை. ஓடும்போது கை தவறிக் கீழே விழுந்தால் தட்டில் கீறல், தகவல் பாழ்.

ஜப்பானியரின் யுக்தி

சுழலவும் கூடாது, மின்சாரம் நின்றால் மறக்கவும் கூடாது. இதற்கு வழி கண்டவர் ஜப்பானில் டோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த டாக்டர் பூஜியோ மசுவோகா. 1984-ல் ஸான்பிரான்சிஸ்கோவில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் தம் கண்டுபிடிப்பை விளக்கினார். எழுதியதை ஒரே வீச்சில் அழித்துவிடும் வேகத்தைக் கண்ட சகா ஒருவருக்குக் காமிராவின் "பிளாஷ்" வெளிச்சம் ஞாபகம் வந்தது. அதுவே பெயராக நிலைத்தது. 1987-ல் வெளியான "நாண்ட்" என்ற ரகமே இன்றைய எஸ்.எஸ்.டி.க்கெல்லாம் அடிப்படை.

கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது என்ன? தமக்குரிய பங்கு வரவில்லை என்று 2004-ல் அவர் கோர்ட் படி ஏற வேண்டியதாயிற்று. கேட்டது 100 கோடி யென். 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு ராஜி ஆயிற்று. உலகமெல்லாம் அவருடைய "பிளாஷ்" அமோகமாக விற்றுக் கொண்டிருந்த சமயம் அது!

சுவருக்குள் கைதிகள்

தகட்டில் உள்ள சிலிக்கன் சில்லுக்குள் கோடானுகோடி நுண்ணறைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மின்சாரம் கடக்காத சுவர். மின் அழுத்தத்தை உயர்த்தினால் எலெக்ட்ரான்கள் அந்தச் சுவரை ஊடுருவி உள்ளே போய்விடும். அழுத்தம் போனதும் வெளியே வர வழியில்லை. அறையில் கைதிகள் உண்டா, இல்லையா என்பதே எழுத்து!

விலையைக் குறைக்க உற்பத்தியாளர்கள் இன்னொரு தந்திரம் செய்தார்கள். "உண்டா இல்லையா" என்பதோடு நில்லாமல், எவ்வளவு என்றும் அளந்தார்கள். ஓர் அறையில் 3 பிட் வைக்க 8 படிகள். 4 பிட்டுக்கு 16 படிகள். படி நெருங்க நெருங்க, சிறு கசிவும் கணக்கைக் குழப்பும். மலிவுச் சரக்கு வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

எழுதி அழிக்கும் ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் நைகிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். 1 டெராபைட் தகடு ஒன்றுக்கு 600 டெராபைட் வரை எழுதலாம் என்று கம்பெனி உறுதி கூறினால், தினம் 50 ஜிகாபைட் எழுதினாலும் ஏறக்குறைய 33 வருஷம் ஆகும்.

பீரோவில் பூட்டினால்?

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உழைத்துத் தேய்ந்த பழைய எஸ்.எஸ்.டி.யில் போட்டோக்களை நிரப்பிப் பீரோவில் பூட்டி வைப்போர் உண்டு. மின்சாரமே காட்டாமல் வைத்தால் கைதிகள் மெள்ள மெள்ளத் தப்பி விடுவார்கள். விதித்த அளவு முழுவதும் எழுதித் தீர்ந்த தகடு, 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்பதே தொழில் துறையின் விதி. புதிய தகடு வெகு காலம் தாங்கும். உஷ்ணம் ஏறினால் கசிவும் ஏறும்.

இன்னொன்று: ஹார்டு டிஸ்க் பல சமயம் கடகடவென்று சத்தமிட்டு எச்சரித்துவிட்டுச் சாகும். இது மூச்சுக் காட்டாமல் போய்விடும். தவறுதலாக அழித்ததை மீட்பதும் கடினம். ஓய்வு நேரத்தில் தகடே அந்த அறைகளைக் காலி செய்துவிடுகிறது. ஆகவே போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி, சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கட்டும். அதே கொள்ளளவுக்கு விலையும் அதற்குத்தான் குறைவு.