உங்களுக்குத் தெரியுமா? கேமராவும் வைஃபையும் மோதிக்கொள்ளும் இடம்

வயர்லெஸ் கண்காணிப்புக் கேமராக்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில்தான் இயங்குகின்றன. வைஃபை ரவுட்டர், புளூடூத், ஏன், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவுகூட அங்கேதான்! அடுப்பில் பால் சூடாகும்போது வாசல் கேமராவின் படம் திக்கித் திக்கி வருவது இதனால் இருக்கலாம்.

இந்த அலைக்கற்றையில் அடுத்தடுத்த வைஃபை சேனல்களுக்கு இடையிலான இடைவெளி வெறும் 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு சேனல் அடைத்துக்கொள்ளும் அகலமோ சுமார் 20. அதனால் 1, 6, 11 ஆகிய மூன்றையே தேர்ந்தெடுப்பது வழக்கம். 'காலியாக இருக்கிறதே' என்று 3-ஐ வைத்தால் 1, 6 இரண்டோடும் மோதும்.

கேமராத் தொகுப்புக்குத் தனி வைஃபை இருந்தால் அதற்கு 11, ரவுட்டருக்கு 1 என்று பிரித்துவிடுங்கள். கேமரா நேரே ரவுட்டரோடு இணைகிறதா? டிவியையும் மொபைலையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கேமராவின் பதிவுப் பெட்டியை ரவுட்டரின் தலையில் மட்டும் வைக்காதீர்கள்.